அம்மாவுக்கு மாதாமாதம் ஊசி போடச் சொல்கிறார்கள், போட்டால் ஆஸ்துமா போய்விடுமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 54 வயது, பதினெட்டு வருஷமாக ஆஸ்துமா. கடந்த ஒரு வருஷத்தில் நான்கு தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறீர்கள், அதில் ஒரு தடவை இரண்டு நாள் ஐசியூ. இன்ஹேலர் போடுகிறார், மாத்திரை போடுகிறார், அப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். இப்போது மருத்துவர் மாதம் ஒரு ஊசி என்கிறார். விலையைக் கேட்டு வீடே ஆடிப்போயிருக்கிறது. "இந்த ஊசி போட்டால் குணமாகுமா, வேறு வழி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் இருக்கிற கேள்வி, கடன் வாங்கியாவது போட வேண்டிய ஊசியா இது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நெஞ்சக நோய் மருத்துவன். இருபது வருஷத்துக்கு மேலாகத் தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் மூச்சிரைப்புக்காரர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, அவருடைய எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் என் கையில் இல்லை. அதனால் கீழே எழுதுவதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைப் பார்க்கிற மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். அந்த ஊசி ஏமாற்று வேலை இல்லை. சரியான ஆளுக்குப் போட்டால், வருஷத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஒரு தடவையோ அதுவும் இல்லாமலோ இருக்கிறார். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஆஸ்துமாவை வேரோடு பிடுங்காது. போடுகிற வரை அடங்கியிருக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். தவறான ஆளுக்குப் போட்டால் பணம் போனதுதான் மிச்சம். உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்கிற வேலை ஊசிக்கு முன்னால் இருக்கிறது. பல இடங்களில் அவசரத்தில் விட்டுப்போவதும் அந்த வேலைதான்.

"கடும் ஆஸ்துமா" என்ற பெயரை நாங்கள் எல்லோருக்கும் வைப்பதில்லை. அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரும், மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கிற மருந்தும் சேர்த்து, முறையாக, தவறாமல் எடுத்தும் அடங்காததுதான் கடும் ஆஸ்துமா. முறையாக, தவறாமல் என்ற இரண்டு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. நெதர்லாந்தில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களில் ஆஸ்துமா உள்ள நூறு பேரில் 24 பேர் இந்த மேல்படி மருந்துகளில் இருந்தார்கள். அதிலும் அடங்காதவர்கள் 17 பேர். இன்ஹேலர் பிடிக்கிற முறையையும் ஒழுங்காக எடுக்கிறார்களா என்பதையும் சோதித்துக் கழித்த பிறகு நின்றவர்கள் நாலு பேருக்கும் குறைவு, 3.7 சதவீதம். நம்மூரில் அந்தக் கழிவு இன்னும் அதிகமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

பூ கட்டி விற்கிற ஒரு அம்மா என்னிடம் வந்தார். ஆறு மாதமாக விலை கூடிய கேப்சூல் மருந்து, துளியும் குறையவில்லை என்று மகள் சண்டைக்கு வந்தது போலப் பேசினாள். "எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கம்மா" என்றேன். பையிலிருந்து ரோட்டாகேப் டப்பாவை எடுத்தார், ஒரு கேப்சூலை வாயில் போட்டார், நர்ஸிடம் தண்ணீர் கேட்டார். "இப்பிடித்தான் சார் போடுறேன். வயித்துக்குள்ள போனா நெஞ்சுக்குப் போகாதா?" அவர் மேல் தப்பில்லை. சீட்டு எழுதியவரும் காட்டவில்லை, மருந்துக் கடையிலும் காட்டவில்லை, உறிஞ்சுகிற கருவியை யாரும் வாங்கியே தரவில்லை. அவருக்கு ஊசியும் தேவைப்படவில்லை, புது மருந்தும் தேவைப்படவில்லை.

இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும் சின்னச் சின்னப் பிழைகள் எக்கச்சக்கம். ஸ்ப்ரே வகை என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பவுடர் வகைக்கு நேர் எதிர், சட்டென்று பலமாக உறிஞ்ச வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றிச் செய்துவிடுகிறார்கள். ஸ்ப்ரேயை நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை. அது வாங்க முடியாத இடங்களில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் துளை போட்டு இன்ஹேலரைச் செருகிக் குழந்தைகளுக்குக் கொடுத்து, கடைச் சரக்குக்கு இணையாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். போட்டு முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். அம்மாவை ஒரு முறை உங்கள் எதிரிலேயே போடச் சொல்லி, செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஐம்பது பைசா செலவில்லாத பரிசோதனை அது.

அதே சமயம் நீல நிற இன்ஹேலர், அதாவது சால்பியூடமால், மாதத்துக்கு எத்தனை காலியாகிறது என்று எண்ணுங்கள். ஒரு டப்பாவில் 200 பஃப் இருக்கும். வருஷத்துக்கு மூன்று டப்பா தாண்டினாலே மூச்சுத்திணறல் திடீரென்று கூடுகிற அபாயம் ஏறுகிறது, பன்னிரண்டு தாண்டினால் உயிருக்கே ஆபத்து ஏறுகிறது. அது குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீட்டில் தீப்பிடிக்கும்போது ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விடுகிற மாதிரி. உலக அளவில் வழிகாட்டுதல் எழுதுகிற ஜினா அமைப்பு, சால்பியூடமாலை மட்டும் தனியாக நம்பி இருக்கக் கூடாது என்று 2019-இல் தன் பழைய பரிந்துரையையே மாற்றிக்கொண்டது. உலகத்தில் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் இந்தியர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் "பழகிவிடும்" என்று பயந்து, நீலத்தையும் டெரிஃபிலின் மாத்திரையையும் வைத்துக் காலத்தை ஓட்டுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முறையும் சரி, ஒழுங்கும் சரி என்றால் அடுத்த கேள்வி, இது ஆஸ்துமாதானா, ஆஸ்துமா மட்டும்தானா? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. "எனக்கு ஈஸ்னோபீலியா சார்" என்று சொல்லாத மூச்சிரைப்புக்காரர் தமிழ்நாட்டில் குறைவு. ஈசினோஃபில் என்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. ஒவ்வாமையிலும் கூடும், வயிற்றுப் புழுவிலும் கூடும். யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பிலும் கூடும். இந்தக் கடைசி வகையில் ராத்திரி இருமலும் வீசிங்கும் ஆஸ்துமா மாதிரியே இருக்கும், எண்ணிக்கை மட்டும் கன மில்லிமீட்டருக்கு 3000-ஐத் தாண்டி நிற்கும். அதற்கு மருந்து மூன்று வாரம் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை. இப்போது குறைந்துவிட்டது, ஆனால் மறக்கக் கூடாது.

அதைவிட அடிக்கடி தவறுவது ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் சளியில் அந்தப் பூஞ்சை குடியேறி, உடம்பு அதை எதிர்த்துக் குழாயையே சிதைத்துக்கொள்ளும். பயிற்சி முடித்த புதிதில் நான் இதில் சறுக்கியிருக்கிறேன். இருபத்தாறு வயதுப் பையன், நுரையீரல் மேல்பகுதியில் நிழல், இருமல், எடை இறக்கம். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் அதற்கு முன் இரண்டு தடவை காசநோய் மருந்து முழுசாகச் சாப்பிட்டிருந்தான். மூன்றாவது தடவை நானும் தொடங்கினேன். ஒரு நாள் அவன் அம்மா காகிதத்தில் மடித்து எடுத்துவந்து காட்டினார், புளியங்கொட்டை நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு சளித் துண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வாமையில் கூடுகிற ஐஜிஇ என்ற ரத்தப் புரதத்தைப் பார்த்தால் பல ஆயிரம். காசநோய் மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு மாத்திரையில் மாறிய மூன்றாவது வாரம் எக்ஸ்ரே தெளிந்தது. இந்த நோயில் உலகம் எடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிகளில் பல, சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையிலிருந்து வந்தவை. நம் நாட்டில் அவ்வளவு பேருக்கு இருக்கிறது. மொத்த ஐஜிஇ, ஆஸ்பர்ஜிலஸுக்கான ஐஜிஇ, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன், இவை உங்கள் அம்மாவுக்குப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இருந்தால் சிகிச்சை வேறு, சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரையோ இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தோ தருவார்கள். இட்ராகொனசோலோடு புடசொனைடு, ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர்கள் சேர்ந்தால் ஸ்டீராய்டு உடம்பில் தேங்கி முகம் ஊதிவிடும், அதையும் மருத்துவர் கவனிக்க வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா? முட்டிவலிக்கு டைக்லோஃபினாக், தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்ட அன்று இரைப்பு கூடுகிறதா? அப்படியானால் அந்த வகை வலி மாத்திரைகள் அவருக்கு விஷம். ரத்த அழுத்தத்துக்கு புரோபுரனலால், அட்டெனலால் போன்றவை, கண் அழுத்தத்துக்கு டிமொலால் சொட்டு மருந்து போடுகிறாரா? கண்ணில் விடுகிற ஒரு சொட்டு நெஞ்சை அடைக்கும் என்று யாருக்கும் தோன்றாது, அடைக்கும். படுத்தால் நெஞ்செரிச்சல், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்பது, உடல் எடை, விறகடுப்பு, கொசுவர்த்தி, பூஜையறைச் சாம்பிராணி, வீட்டில் யாராவது பிடிக்கிற பீடி, இவை எல்லாம் கணக்கில் வரும். குரல்வளையே சுருங்கி மூச்சைத் தடுக்கிற ஒரு நிலையும் உண்டு. அதில் இரைப்பு நெஞ்சிலிருந்து வராது, தொண்டையிலிருந்து, உள்ளிழுக்கும்போது வரும். அதற்கு ஊசியும் இல்லை, இன்ஹேலரும் இல்லை, பேச்சுப் பயிற்சிதான்.

இத்தனையும் பார்த்து, சரிசெய்து, மூன்று மாதம் போல விட்டுப் பார்த்தும் அம்மா மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், அவர் அந்த நாலு பேரில் ஒருவர். இனி மருந்துகளைப் பார்ப்போம்.

ஊசிக்கு முன்னால் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது, புடசொனைடும் ஃபார்மொடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் சேர்த்தே பயன்படுத்துவது. இரைப்பு வருகிற ஒவ்வொரு முறையும் குழாயை விரிக்கிற மருந்தோடு வீக்கத்தை அடக்குகிற மருந்தும் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு இத்தனை பஃப் என்ற உச்சவரம்பு உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் ஊரில் வேறு சேர்க்கைகளும் இதே மாதிரிப் பெட்டியில் வருகின்றன, எல்லாவற்றையும் இப்படிப் பயன்படுத்தக் கூடாது. சால்மெடெரால் சேர்ந்தது அவசரத்துக்கு உதவாது.

இரண்டாவது, டையோட்ரோபியம் என்ற மூன்றாவது மருந்தைச் சேர்ப்பது. 2012-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்ததில், மோசமான மூச்சுத்திணறல் வரும் அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய வெற்றி இல்லை, விலைக்கு நல்ல லாபம். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இந்த மருந்தின் பூர்வீகம் ஊமத்தை. 1800-களின் தொடக்கத்தில் மதராஸில் ஊமத்தைப் புகை பிடித்து மூச்சிரைப்பைத் தணிப்பதைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டே விற்றது. அந்தக் குடும்பத்து வேதிப்பொருளை மூளைக்கும் இதயத்துக்கும் ஏறாதபடி மாற்றி எடுத்ததுதான் இன்றைய இன்ஹேலர். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தை இலையைக் கொளுத்த வேண்டாம். சித்தம் கலங்கி வந்தவர்களுக்கு நான் டியூட்டி பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில். ஆஸ்திரேலியாவில் 420 பேரிடம் 48 வாரம் நடந்த ஆய்வு 2017-இல் வந்தது, மூச்சுத்திணறல் தடவைகள் கணிசமாகக் குறைந்தன. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஈசிஜி எடுக்க வேண்டும், காது கேட்பதைக் கவனிக்க வேண்டும், சளியில் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே காய்ச்சலுக்கெல்லாம் இந்த மாத்திரையை விழுங்குகிற ஊரில், கிருமிகள் பழகிப்போகும் என்ற கவலை வேறு. இருந்தாலும் ஊசி எட்டாத சிலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. மாண்டிலூகாஸ்ட் மாத்திரை பெரும்பாலும் சீட்டில் ஏற்கெனவே இருக்கும், பலன் சுமார். அது சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை தரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. அம்மா சமீபத்தில் ஆளே மாறிப்போனது போலிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரை. நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு ஊசி விலையைவிட உறுத்தியது: "முடியாதபோது கடையில் வைசலோன் வாங்கிப் போட்டுக்கொள்வார்." ஒரு தடவை மூச்சு முட்டினால் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், ஐந்து நாள், ஆக 200. ஆஸ்பத்திரிக்குப் போன நான்கு தடவைக்கே 800. கடையில் வாங்கியதையும் சேர்த்தால் ஒரே வருஷத்தில் ஒரு கிராமைத் தாண்டியிருப்பார். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள்ளேயே சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை போன்றவற்றின் அபாயம் ஏறத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சு முட்டுகிற நேரத்தில் அந்த மாத்திரை உயிரைக் காக்கும், அப்போது தயங்கக் கூடாது. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால், சிகிச்சையை மேலே நகர்த்த வேண்டும் என்று அர்த்தம். தினமும் மாதக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாயலாம். ஊசியின் விலையைப் பேசும்போது எதிர்த் தட்டில் இந்த மாத்திரையின் விலையையும் வையுங்கள், மருந்துக் கடை ரசீதில் அது தெரியாது.

ஊசிகளுக்கு வருகிறேன். இவை உயிரியல் மருந்துகள், ஒவ்வாமை வீக்கத்தின் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட கண்ணியை மட்டும் அறுப்பவை. முதலில் வந்தது ஒமலிசுமாப், 2003-இல் அமெரிக்காவில் அனுமதி. ஐஜிஇ-யைப் பிடித்துக்கொள்ளும். உடல் எடையையும் ஐஜிஇ அளவையும் வைத்து அளவு கணக்கிட்டு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். சிறு வயதிலிருந்தே தூசி, பூச்சி ஒவ்வாமையோடு வந்த ஆஸ்துமாவுக்குப் பொருந்தும். அடுத்து மெபோலிசுமாப், 2015, மாதம் ஒன்று. பென்ராலிசுமாப், 2017, முதல் மூன்று ஊசி மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. இவை இரண்டும் ஈசினோஃபிலைக் குறிவைப்பவை. டுபிலுமாப், ஆஸ்துமாவுக்கு 2018, இரண்டு வாரத்துக்கு ஒன்று, தோல் கரப்பானும் மூக்குச் சதையும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆதாயம். அதற்குப் பிறகு டெசிபெலுமாப், 2021 டிசம்பர். சங்கிலியின் தொடக்கத்திலேயே கை வைப்பதால் ஈசினோஃபில் குறைவாக இருப்பவர்களுக்கும் ஓரளவு உதவுகிறது.

ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு மெபோலிசுமாப்பின் கதையே சாட்சி. 2007-இல் அதை ஆஸ்துமா உள்ள 362 பேரிடம் பாகுபாடு இல்லாமல் சோதித்துப் பார்த்தார்கள், மூச்சின் வேகத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. மருந்தைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டார்கள். 2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் இரண்டு சின்னக் குழுக்கள், சளியில் ஈசினோஃபில் நிறைய இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தன. லெஸ்டரில் 61 பேர், ஹாமில்டனில் வெறும் 20 பேர். மூச்சுத்திணறல் தடவைகள் தெளிவாகக் குறைந்தன. 2014-இல் 576 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மருந்து அதேதான், ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் வேறு.

அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அம்மாவுக்கு ஏஇசி எவ்வளவு, அது எந்தத் தேதியில் எடுத்தது?" என்பது. ஏஇசி என்றால் ரத்தத்தில் இருக்கிற ஈசினோஃபில் எண்ணிக்கை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஈசினோஃபில் தரைமட்டமாகிவிடும். ஐசியூவில் எடுத்த ரத்தத்தில் சுழியம் என்று வந்ததை வைத்து ஊசி பொருந்தாது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை இல்லாத நாளில், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும். 300-க்கு மேல் இருந்து, வருஷத்தில் பல தடவை மூச்சு முட்டியிருந்தால் ஈசினோஃபில் ஊசிக்கு நல்ல வாய்ப்பு. 150-க்கும் 300-க்கும் நடுவே என்றால் மற்றவற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டித் தொடங்கிய ஆஸ்துமா, மூக்குச் சதை, இவை இருந்தால் பலன் கூடும். உங்கள் அம்மாவுக்கு முப்பத்தாறில் தொடங்கியிருக்கிறது, அந்த வகையில் கணக்கு அவர் பக்கம்தான். எண்ணிக்கை 1500-க்கு மேல் இருந்து, கை கால் மரத்துப்போவதோ தோலில் சிவப்புத் தடிப்போ சேர்ந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் வயிற்றுப் புழுவைச் சரிபார்த்து நீக்கிவிட வேண்டும். ஈசினோஃபில் புழுவை எதிர்க்கிற படை, அதைக் குறைக்கும்போது புழுவுக்குக் கொண்டாட்டம். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற ஒரு வகை, வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியாக ஏறும். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால் அது உடம்பு முழுக்கப் பரவி உயிரையே எடுக்கும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இது ஒரு வரிதான். நம் ஊரில் வயலில் வேலை செய்தவர் என்றால் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

போட்ட பிறகு நான்கு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் மூச்சு முட்டுவது குறைந்ததா, இரவு தூங்குகிறாரா, ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். தெளிவான முன்னேற்றம் என்றால் தொடரலாம். அரைகுறை என்றால் ஆறு மாதம் வரை, சிலருக்கு ஒரு வருஷம் வரை பார்க்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் நிறுத்திவிட வேண்டும், வேறு கண்ணியை அறுக்கிற ஊசிக்கு மாறலாம். இந்த ஒப்பந்தத்தை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறதே என்று இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் குறைய வேண்டியது ஸ்டீராய்டு மாத்திரை, அதுவும் மெல்ல மெல்ல. இன்ஹேலரின் அளவு அதற்குப் பிறகுதான், அதுவும் பாதிக்குக் கீழே போகாமல். பக்கவிளைவு என்று பார்த்தால், ஊசி போட்ட இடத்தில் வலி, தலைவலி, எப்போதாவது கடும் ஒவ்வாமை. அதனால் முதல் சில ஊசிகளை ஆஸ்பத்திரியில் போட்டு, சிறிது நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள்.

பணத்தைப் பற்றி நான் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நாளை அது மாறியிருந்தால் உங்களுக்குத்தான் குழப்பம். மாதம் பல்லாயிரம் ரூபாய் என்பது மட்டும் நிச்சயம். இந்தியாவிலேயே தயாராகும் ஒமலிசுமாப் இருக்கிறது, விலை குறைவு. ஆனால் விலை குறைவு என்பதற்காகப் பொருந்தாத ஊசியைப் போட்டுப் பயனில்லை. மருந்துக் கம்பெனிகள் நடத்துகிற நோயாளர் உதவித் திட்டங்களில் சில ஊசிகள் வாங்கினால் சில இலவசம் என்ற ஏற்பாடு இருப்பதுண்டு, மருத்துவர் வழியாகத்தான் கேட்க முடியும். காப்பீடு இருந்தால், தங்காமல் போடுகிற ஊசிக்குப் பணம் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் ஒரு முறை காட்டுங்கள். ஊசி கிடைக்கிறதோ இல்லையோ, மேலே சொன்ன பரிசோதனைகளில் பலவற்றை அங்கே குறைந்த செலவில் முடித்துவிடலாம். கடன் வாங்கித்தான் போட வேண்டுமென்றால், நான் என் நோயாளிகளிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்: ஒரு வருஷத்துக்குக் கடன் வாங்காதீர்கள், நான்கு மாதத்துக்கு மட்டும் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐதராபாத் மீன் மருந்தைப் பற்றியும் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஜூன் மாதம் கூட்டத்தில் நின்று உயிர் விரால் குஞ்சை விழுங்குவது. பலன் இருப்பதற்கு நம்பத்தகுந்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. போவதானாலும் இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஆடாதோடைக்கு மதிப்பு உண்டு, அதிலிருக்கும் வாசிசினை ஒட்டித்தான் இன்றைய சளி மருந்தான புரோமெக்சின் வந்தது. சளியை இளக்கும், கடும் ஆஸ்துமாவை அடக்காது.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த தடவை மூச்சு முட்டும்போது என்ன செய்வது என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் 92-க்குக் கீழே, அல்லது இவ்வளவு நேரம் கேட்ட இரைச்சல் திடீரென்று அடங்கி ஆள் சோர்ந்துபோகிறார் என்றால், அது குறைவதாக நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஸ்பேசரில் நீல இன்ஹேலரை நான்கிலிருந்து பத்து பஃப் வரை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். ஏஇசி, ஐஜிஇ, ஆஸ்பர்ஜிலஸ் முடிவுகள் வந்ததும், பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம் என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.